தேன்கூட்டின் செல்வமும் எலும்பின் வலிமையும்

பள்ளி உயிரியல் ஆய்வகத்தின் மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருக்கும். உலர்ந்து வெளுத்து, தொட்டால் கலகலவென்று ஒலிக்கும் அதைப் பார்த்துப் பழகிய நமக்கு, எலும்பு என்பது உடலைத் தாங்க நிறுத்திய உயிரற்ற கம்பம் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் உங்கள் கையிலும் காலிலும் உள்ள எலும்பு உங்கள் தோலைப் போலவே உயிருள்ளது. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்புகள் உள்ளன, நாள்தோறும் அது சிறிது சிறிதாக இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகிறது.

இந்தக் கட்டட வேலை நாம் உண்ணும் உணவைப் பொறுத்துச் சீராகவும் நடக்கும், சீர்கெடவும் செய்யும். கொழுப்பு மிகுந்த உணவை நெடுநாள் உண்டால் எலும்புக்கு என்ன நேரும்? தேன், அரசக்கூழ், தேனீப் பிசின் போன்ற தேன்கூட்டுப் பொருள்கள் அந்தக் கேட்டைத் தடுக்க வல்லனவா? பல நாட்டு ஆய்வகங்கள் இக்கேள்வியை எழுப்பியுள்ளன. இப்பொருள்களை விற்போர் சிலரோ விடை கிடைத்துவிட்டதாகவே விளம்பரம் செய்கின்றனர். உண்மையில் எவ்வளவு தூரம் விடை கிடைத்திருக்கிறது? படிப்படியாகக் காண்போம்.

இடிப்போரும் கட்டுவோரும்

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் இவை. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நாராகும். நாரைக் கம்பி என்றும், தாதுவைச் சிமெண்டுக் கலவை என்றும் கொண்டால் எலும்பை ஒரு கான்கிரீட் தூணுக்கு ஒப்பிடலாம். நார் இல்லாவிட்டால் அது சுண்ணக்கட்டிபோல் நொறுங்கும். தாது இல்லாவிட்டால் இரப்பர்போல் வளையும். நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரிடம் அது ஏறத்தாழ 1 கிலோகிராம் இருக்கும்.

இத்தூணில் இருவகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஒருவகை, பழைய எலும்பை அமிலத்தாலும் என்சைம்களாலும் கரைத்துப் பள்ளம் தோண்டும். இவற்றை எலும்பழிக்கும் செல்கள் என்போம். மற்றொரு வகை, அப்பள்ளத்தில் கொலாஜனைப் பரப்பித் தாதுவைப் படியச் செய்யும். இவை எலும்பாக்கும் செல்கள். வளர்ந்தோரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓரிடத்தை இடித்து முடிக்க இரண்டு மூன்று வாரம் போதும். அதே பள்ளத்தை நிரப்பிக் கட்ட மூன்று நான்கு மாதம் தேவை. வீடு கட்டுவதிலும் அப்படித்தானே? ஆகவே இடிப்போரின் எண்ணிக்கை சிறிதளவு கூடினாலும் கட்டுவோரால் ஈடுகொடுக்க முடியாமற் போகும். எலும்பு மெலியத் தொடங்கும்.

இடிக்கும் வேலையைத் தூண்டுவதற்கென்று ஒரு புரதச் செய்தி உண்டு. அதற்கு ரேங்க்-எல் என்று பெயர். அச்செய்தியை வழியிலேயே பிடித்து நிறுத்தும் மற்றொரு புரதமும் உண்டு. ஆஸ்டியோபுரோட்டெகரின் எனப்படும் இது 1997-இல் கண்டறியப்பட்டது. எலும்பைக் காப்பது என்பது அதன் பெயரின் பொருள். இவ்விரண்டின் விகிதமே எலும்பு தேயுமா வளருமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

கொழுப்பு குறுக்கிடும் மூன்று இடங்கள்

கொழுப்பு நமக்கு வேண்டாத பொருள் அன்று. வைட்டமின் டி குடலில் உறிஞ்சப்படுவதற்கே கொழுப்பு தேவை. அளவு மீறும்போதுதான் தொல்லை. அத்தொல்லை மூன்று இடங்களில் எழுகிறது.

முதல் இடம் குடல். கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்மையான திப்பியாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். கடின நீரிலுள்ள கால்சியம், சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிறது. அதுவே அந்தத் திப்பி. நம் குடலிலும் இதைப்போன்ற வினை நடக்கிறது. உணவிலுள்ள கொழுப்பு செரிக்கும்போது கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவற்றுள் பால்மிடிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம் போன்ற நிறைவுற்றவை கால்சியத்தோடு கூடிக் கரையாத சோப்பாக மாறி மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. கொழுப்பும் போகிறது, அதோடு கால்சியமும் போகிறது. உணவில் கால்சியம் ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கு இந்த இழப்பு ஒரு சுமை.

இரண்டாம் இடம் எலும்பின் உட்புறத்திலுள்ள மஜ்ஜை. அங்கே சில தாய்ச் செல்கள் உள்ளன. அவை எலும்பாக்கும் செல்லாகவும் மாறலாம். கொழுப்பைச் சேமிக்கும் செல்லாகவும் மாறலாம். ஒரே வகுப்பில் படித்த மாணவர்கள் பிறகு வெவ்வேறு தொழிலுக்குப் போவதைப் போன்றது இது. கொழுப்புச் செல்லாகும் வழியைத் திறந்துவிடும் புரதம் ஒன்றும் அறியப்பட்டுள்ளது. சில கொழுப்பு அமிலங்களே அதைத் தூண்ட வல்லவை. கொழுப்பு மிகுந்த உணவைத் தின்ற சுண்டெலிகளின் மஜ்ஜையில் கொழுப்புச் செல்கள் பெருகியிருப்பதையும், எலும்பின் உள்ளே கடற்பஞ்சுபோல் அமைந்த பகுதி அடர்த்தி குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

மூன்றாம் இடம் உடலில் சேரும் கொழுப்புத் திசு. இதை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுநாள் கருதிவந்தனர். உடல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை வெளியிடுவது 1993-இல் தெரியவந்தது. அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி. பருத்த உடலிலோ அது வெளியே தெரியாமல், மெல்லிய கனல்போல் நெடுநாள் நீடிக்கிறது. டி.என்.எஃப். போன்ற புரதங்கள் எலும்பழிக்கும் செல்களின் உற்பத்தியைப் பெருக்குகின்றன. இடிப்போரின் கூட்டம் கூடுகிறது.

இதற்கு எதிராக ஒரு நன்மையும் உண்டு. சுமை தாங்கும் எலும்பு தன்னைத் தானே தடிப்பாக்கிக்கொள்ளும். ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் இவ்விதியை விளக்கினார். எடை மிகுந்தவரின் எலும்பு பல வேளைகளில் அடர்த்தியாகவே காணப்படுவது இதனால்தான். ஆயினும் அடர்த்தி இருந்தும் கணுக்கால், மேற்கை போன்ற இடங்களில் அவர்களுக்கு முறிவு குறைவதில்லை. அடர்த்தி வேறு, தரம் வேறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

கூட்டுக்குள் இருப்பவை

இனித் தேன்கூட்டைத் திறந்து பார்ப்போம். முதலில் தேன். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி நீர். நிறமும் மணமும் தரும் பாலிஃபீனால்கள் மிகச் சிறிய அளவில் உள்ளன.

அடுத்து அரசக்கூழ். இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து வரும் பால்போன்ற பொருள் இது. எல்லாப் புழுக்களும் தொடக்கத்தில் இதை உண்ணும். இராணியாகப் போகும் புழு மட்டும் தொடர்ந்து இதையே உண்ணும். இதில் பாதிக்கு மேல் நீர். புரதமும், பிற உணவுகளில் காணக்கிடைக்காத ஒருவகைக் கொழுப்பு அமிலமும் உள்ளன.

மூன்றாவது மகரந்தம். தேனீக்கள் அதைத் தேனோடு பிசைந்து அறைகளில் அடைத்து ஊறவைத்துப் பயன்படுத்துகின்றன.

நான்காவது தேனீப் பிசின். மர மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சேகரித்து, மெழுகோடு கலந்து, கூட்டின் விரிசல்களை அடைக்கின்றன. புரோபோலிஸ் என்பது இதன் கிரேக்கப் பெயர். நகரத்துக்கு முன் என்று பொருள்படும். ஐரோப்பாவில் தேனீ இதைப் பெரும்பாலும் பாப்ளர் மர மொட்டுகளில் எடுக்கிறது. பிரேசிலிலோ வேறொரு செடியில் எடுக்கிறது. ஆகவே இரண்டின் வேதியியலும் வேறு. நம் நாட்டுப் பெட்டிகளில் வளர்க்கும் இந்தியத் தேனீ பெரும்பாலும் பிசின் சேகரிப்பதே இல்லை. கொசுத்தேனீயோ ஏராளமாகச் சேகரிக்கிறது. ஒரே பெயரில் விற்கும் பொருள்கள் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

ஆய்வகத்தில் கண்டவை

பாப்ளர் வகைப் பிசினில் கேஃபிக் அமிலத்திலிருந்து பிறந்த ஒரு சேர்மம் உள்ளது. செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் என்.எஃப். கப்பா-பி என்னும் புரத விசையை இச்சேர்மம் தடுப்பதாக 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டிலேயே அந்த விசைக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. அவ்விசையின் இரு உறுப்புகளும் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளில் எலும்பழிக்கும் செல்கள் உருவாகவே இல்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் இச்சேர்மம் எலும்பழிக்கும் செல்கள் பெருகுவதைக் குறைப்பதாகப் பின்னர் கண்டனர். கொழுப்பு மூட்டும் கனலை இப்பிசின் அணைக்குமோ என்ற எண்ணம் இதனால்தான் பிறந்தது.

விலங்குச் சோதனைகளும் நடந்தன. சூலகம் நீக்கிய எலிகளில், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் நேர்வதைப் போல எலும்பு விரைந்து தேயும். அத்தகைய எலிகளுக்கு அரசக்கூழ் கொடுத்தபோது தேய்வு குறைந்ததாக ஜப்பானில் 2006-இல் தெரிவித்தனர். மலேசியாவில் துவாலாங் என்னும் மிக உயரமான காட்டு மரத்தில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பாறைகளிலும் பெருமரங்களிலும் கூடு கட்டும் அதே இனந்தான். அந்தத் துவாலாங் தேனை இதைப்போன்ற எலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. எலும்பின் அடர்த்தி கூடியதாகவும், உடல் எடை ஏறுவது மட்டுப்பட்டதாகவும் அதில் கண்டனர். கொழுப்பு உணவு தின்னும் எலிகளிலும் தேன்கூட்டுப் பொருள்களை இப்போது ஆராய்ந்து வருகின்றனர்.

இந்தச் செய்திகள் ஊக்கம் தருபவை. ஆனால் இங்கே நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எலியிலிருந்து மனிதனுக்கு

முதற் கேள்வி: எதனோடு எதை ஒப்பிட்டார்கள்? நல்ல சோதனையில் நான்கு குழுக்களாவது இருக்கும். சாதாரண உணவு தின்பது ஒன்று. அதோடு சோதிக்கும் பொருளையும் பெறுவது ஒன்று. கொழுப்பு உணவு மட்டும் தின்பது ஒன்று. கொழுப்பு உணவோடு பொருளையும் பெறுவது ஒன்று. கடைசிக் குழுவின் எலும்பு நன்றாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது அப்பொருளாலா? அல்லது பொருளின் சுவை பிடிக்காமல் அந்த எலிகள் உணவையே குறைத்து, அதனால் பருக்காமல் இருந்தனவா? ஒவ்வொரு எலியும் தின்ற அளவை நிறுத்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

இரண்டாம் கேள்வி: அளவு என்ன? ஆய்வகத்தில் கொழுப்பு உணவு என்றால், கிடைக்கும் ஆற்றலில் 45 அல்லது 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து வருமாறு செய்வது வழக்கம். நாளொன்றுக்கு 2,500 கிலோகலோரி பெறும் ஒருவர் அதில் 60 விழுக்காட்டை, அதாவது 1,500 கிலோகலோரியைக் கொழுப்பிலிருந்து பெற வேண்டுமானால், கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் ஏறத்தாழ 167 கிராம் எண்ணெயும் நெய்யும் உண்ண வேண்டும். பஜ்ஜியும் போண்டாவும் விரும்பித் தின்பவர்கூட நாள்தோறும் இந்த அளவை எட்டுவது அரிது. மருந்தின் அளவிலும் இப்படியே. எலிக்குக் கிலோகிராம் எடைக்கு இவ்வளவு என்று கொடுத்ததை மனிதருக்கு மாற்றும்போது ஏறத்தாழ 6-ஆல் வகுப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, எலிக்குக் கிலோவுக்கு 600 மில்லிகிராம் என்றால் மனிதருக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம்; 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 5 கிராம். கடையில் விற்கும் சிறு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் உள்ளது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மூன்றாம் கேள்வி: இடிப்போரை முற்றிலும் நிறுத்திவிடுவது நல்லதா? மேலே சொன்ன, எலும்பழிக்கும் செல்களே இல்லாத சுண்டெலிகளின் நிலை என்னவாயிற்று தெரியுமா? அவற்றின் எலும்பு அளவுக்கு மீறி இறுகி, மஜ்ஜைக்குரிய இடத்தையும் அடைத்துக்கொண்டது. வயதான கற்களை அகற்றாமல் மேலும் மேலும் கட்டினால் வீட்டில் குடியிருக்க இடமேது? நமக்குத் தேவை சமநிலையே.

ஆகவே, கண்ணாடித் தட்டில் கண்டது ஒரு குறிப்பு. எலியில் கண்டது வலுவான ஒரு குறிப்பு. பல மனிதரிடம், நெடுநாள், சரியான ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்து, முறிவுகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அது மருந்தாகும். தேன்கூட்டுப் பொருள்கள் அந்தக் கடைசிப் படியை இன்னும் ஏறவில்லை.

ஒரு சிறு கணக்கு

எலும்புக்கு வலிமை தரும் என்று சொல்லித் தேனை வாங்குவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் தேனில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் கால்சியமே உள்ளது. 13 முதல் 15 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தந்த பரிந்துரை. தேனிலிருந்தே இதைப் பெற வேண்டுமானால் 16 கிலோகிராமுக்கு மேல் தேன் குடிக்க வேண்டும்! அதிலிருந்து வரும் ஆற்றலோ ஏறத்தாழ 50,000 கிலோகலோரி. இருபது நாள் உணவுக்குச் சமம்.

இதற்கு மாறாக 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. முருங்கைக்கீரையிலும் அவ்வாறே. ஒரு தம்ளர் பசும்பாலில், அதாவது 200 மில்லிலிட்டரில், 240 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. முள்ளோடு தின்னக்கூடிய சிறு மீன்களும் நல்ல வாயில்கள். தேனைச் சுவைக்காக உண்ணலாம், அதில் தவறில்லை. ஆனால் எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றுவிட்டு அதற்கு மாற்றாக ஒரு கரண்டி தேன் குடிப்பது, கடனை அடைக்க மீண்டும் கடன் வாங்குவது போலாகும். தேனும் ஆற்றல் மிகுந்த சர்க்கரைதானே!

உங்கள் வயதும் உங்கள் எலும்பும்

மாணவர்களே, இவை எல்லாம் முதியோர் பற்றிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் நாம் நம்பியிருக்கும் எலும்பின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறகு சில ஆண்டுகள் சிறிதளவு சேரும், அதன்பின் செலவுதான். இப்போது நீங்கள் சேமிக்கும் நேரம்.

சேமிப்புக்கு நான்கு வழிகள் உண்டு. கால்சியமும் புரதமும் உள்ள உணவு முதல் வழி. தோலில் வைட்டமின் டி உண்டாக வெயிலில் நடமாடுவது இரண்டாவது. ஓடுவதும் குதிப்பதும் விளையாடுவதும் மூன்றாவது. டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருக்கும். எடையற்ற விண்வெளியில் வாழும் வீரரோ மாதத்துக்கு 1 விழுக்காடு அளவுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தியை இழக்கிறார். எலும்புக்கு வேலை கொடுத்தால்தான் அது வளரும். பொரித்த பண்டங்களை அளவோடு நிறுத்துவது நான்காவது வழி.

இரண்டு எச்சரிக்கைகளையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் தேனில் சில வேளை இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் பெரியோர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மேலும் அரசக்கூழ், பிசின், மகரந்தம் ஆகியவை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

செய்து பாருங்கள்

1. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் சிறிதளவை நீரில் கலக்கித் தெளியவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிந்த நீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், மழைநீரை மற்றொன்றிலும் ஊற்றுங்கள். குளிக்கும் சோப்பைச் சீவி நீரில் கரைத்து இரண்டிலும் சில சொட்டு விடுங்கள். சலவைத் தூள் உதவாது. எதில் நுரை வருகிறது? எதில் திப்பி படிகிறது? குடலில் கால்சியத்துக்கு நேர்வதோடு ஒப்பிடுங்கள்.

2. நன்கு கழுவிய கோழிக் கால் எலும்பு ஒன்றை வினிகரில் மூழ்கவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி வாருங்கள். ஒரு வாரம் கழித்து அதை வளைத்துப் பாருங்கள். அமிலம் எதைக் கரைத்தது? மீதி நிற்பது எது? எலும்பழிக்கும் செல் அமிலத்தைக் கொண்டு என்ன செய்கிறது என்பதை இனி நீங்களே விளக்கலாம்.